கூம்புக் கூடாரத்தில் ஒரு வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி

1

2007 பிப்ரவரி 16, வெள்ளிக்கிழமை. காலை 5.10க்கு எழுந்தேன். சமையலறை ஜன்னலுக்கு வெளியே மாட்டியிருக்கும் வெப்பமானி மைனஸ் பத்தொன்பது காட்டியது. சாயா போட்டுக் குடித்தேன். வாசலிலிருந்து தெரு வரை பனியை வாரி ஒதுக்க இருபத்தைந்து நிமிடம் ஆனது. 6.30க்கு என் மனைவி ராஜி எழுந்து, குளித்து, விளக்கேற்றினாள். நான் மருத்துவமனைச் சாமான் கிடங்கில் வேலை செய்கிறேன். அன்று விடுப்பு எடுத்திருந்தேன். மகள் நந்தினிக்கும் பள்ளி இல்லை. ஆசிரியர்களுக்கு மட்டும் வேலை நாள் என்று இங்கே அவ்வப்போது வரும்.

நாட்காட்டியில் அந்தத் தேதியைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தேன். 1994இல் அதே பிப்ரவரி 16 அன்றுதான் மட்டாஞ்சேரியிலிருந்து கனடா வந்து இறங்கினோம். வருடாவருடம் அன்றைக்கு ராஜி பாயசம் வைப்பாள். இந்த வருடம் பாயசம் இல்லை. அதற்குப் பதில் காரில் ஏறியவை: கூடாரம் ஒன்று, மடக்கும் விறகடுப்பு ஒன்று, புகைக்குழாய்த் துண்டுகள் ஆறு, தூக்கப் பைகள் மூன்று, உறைந்த கப்பை (மரவள்ளிக்கிழங்கு) பொட்டலம் ஒன்று, மீன்குழம்பு ஒரு டப்பா. ராஜி தன் பையில் என்ன வைத்தாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தில் செருகிப் பத்தொன்பது நாட்களாக இருந்த ஒரு தாளையும் எடுத்து என் டைரிக்குள் வைத்தேன். நந்தினியின் பள்ளியில் மலை, காடு என்று அலையும் மாணவர் குழு ஒன்று உண்டு. மார்ச் விடுமுறையில் ஐந்து பெண்கள், ஓர் ஆசிரியை, நான்கு இரவு பனிக்காட்டில். நந்தினியின் கூடாரத்தில் அடுப்புப் பொறுப்பு அவளுக்கு. அதற்குப் பெற்றோர் ஒருவர் கையெழுத்திட வேண்டும். பதினான்கு விதிகள். பதினான்காவது: 'என் மகள் கூடாரத்துக்குள் விறகடுப்பைப் பாதுகாப்பாகக் கையாள்வதை ஓர் இரவு உடனிருந்து நேரில் பார்த்தேன்.' கீழே 'பெற்றோர் கவனித்தவை' என்று இரண்டு வரி இடம். திங்கட்கிழமை கடைசி நாள்.

துணி வீட்டுக்குள் நெருப்பு வைத்துக்கொண்டு பதினாறு வயதுப் பெண் உறங்குவதற்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்? அதனால்தான் பத்தொன்பது நாள்.

2

இந்த மலரை ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு இந்த இடத்தில் கொஞ்சம் விளக்கம் தேவை. இங்கே என்னை எல்லோரும் மிஸ்டர் ஆறுமுகம் என்கிறார்கள். அது என் அப்பாவின் பெயர். குடியேற்றப் படிவத்தில் குடும்பப் பெயர்க் கட்டத்தை நிரப்பாமல் விட்டால் வாங்க மாட்டோம் என்றார்கள். முருகேசன் என்ற என் பெயர் பின்னால் போனது. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து, கொச்சி கார்ப்பரேஷனில் குழாய் வேலையில் சேர்ந்து, ஆலுவாவுக்கு அப்பால் அதிகம் போகாத மனிதரின் பெயரை இங்கே தினமும் பத்துப் பேர் சொல்கிறார்கள். அவருக்குத் தெரிந்தால் சிரிப்பார்.

வந்த முதல் மாதம் வாடகை வீட்டில் விளக்கு அணைந்தபோது, கட்டிட மேலாளரிடம் 'கரண்ட் போய்விட்டது' என்று நம் ஊர் இங்கிலீஷில் சொன்னேன். இங்கே 'கரண்ட்' என்றால் நீரோட்டமாம், எந்த ஆறு என்று கேட்டார். அந்த மேலாளரோடு இன்னொரு முறையும் பேச வேண்டி வந்தது. அது சாம்பிராணியால்.

எங்கள் மட்டாஞ்சேரி வீட்டில் வெள்ளிக்கிழமை அந்தி என்றால் சாம்பிராணி. காஸ் வந்த பிறகும் குளிக்க வெந்நீர் விறகடுப்பில்தான். தேங்காய் மட்டை எரிந்து அடங்கியதும், அந்தக் கனலை மண் தூபக்காலில் அள்ளி, பொடியைத் தூவி, அறை அறையாகக் கொண்டுபோவோம். அதற்கு முன் ஜன்னல், கதவு எல்லாம் சாத்திவிடுவோம். அப்போதுதான் மணம் நிற்கும், மழைக்கால ஈர வாடை போகும், கொசு மயங்கும். நந்தினி பிறந்த பிறகு வாரம் இரண்டு முறை அவள் தலைமுடிக்குப் புகை காட்டுவாள் ராஜி, ஒரு கூடையைக் கவிழ்த்து அதன் மேல் முடியைப் பரப்பி.

1994 மார்ச்சில் ராஜி இங்கும் அதைச் செய்தாள். கடையில் வாங்கிய கரித்துண்டு, ஊரிலிருந்து சேலையில் சுற்றிக் கொண்டுவந்த அதே தூபக்கால், சாத்திய ஜன்னல். பொடி தூவிய மறு நிமிடம் கூரையில் இருந்த புகை அலாரம் அலறியது. பக்கத்து வீட்டுக்காரர்கள் குழந்தைகளோடு பனியில் இறங்கி நின்றார்கள். மேலாளர் வந்து, ஒரு துண்டை அலாரத்துக்குக் கீழே விசிறச் சொல்லிக் காட்டினார். அணைக்கும் பொத்தானையும் காட்டினார். அதிலிருந்து நாங்கள் கற்றது இரண்டு: ஒன்று, இந்த நாட்டு அலாரத்துக்குச் சாம்பிராணி பிடிக்காது. இரண்டு, அது அலறினால் துண்டை விசிற வேண்டும். இந்த இரண்டாவது பாடம் பதிமூன்று வருடம் கழித்து எங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தூபக்கால் அன்றைக்கு அலமாரிக்குள் போனது.

3

கூடாரம் நந்தினியுடையது. போன மே மாதம் யாரோ பயன்படுத்தி விற்றதை, கோடை வேலைக்கு முன்பணம் வாங்கி அவளே வாங்கினாள். நடுவில் ஒற்றைக் கம்பம், சுற்றிலும் கூம்பாக இறங்கும் துணி, தரை கிடையாது. துணியில் ஓரிடத்தில் தீப்பிடிக்காத வளையம். அதன் வழியாக அடுப்பின் குழாய் வெளியே போகும்.

ஒன்பது மாதமாக நான் இதைத் தூரத்தில் நின்று பார்த்துக் குறித்து வந்திருக்கிறேன். மே 27: புது அடுப்பைப் பின்வாசல் திறந்த வெளியில் மூன்று முறை எரித்தாள். மேல்பூச்சின் நாற்றம் போன பிறகுதான் கூடாரத்துக்குள் வைப்பாளாம். ஜூலையில் காட்டுத்தீ அபாயம் என்று நெருப்புக்குத் தடை. கூடாரத்தை மட்டும் அடித்துக்கொண்டு அடுப்பைத் தொடாமல் திரும்பி வந்தாள். அடுப்புக்குள் இருக்கும் நெருப்புதானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று நான் கேட்டேன். "குழாய் வழியா பொறி பறக்கும்பா" என்றாள். அக்டோபரில் துணியில் பொறிபட்ட ஓட்டைகள் ஏழு. எண்ணிச் சொன்னேன். ஏழையும் ஒட்டினாள், குழாயின் உச்சிக்குக் கம்பிவலைத் தொப்பி வாங்கினாள். நவம்பர் மழையில் நனைந்து வந்த கூடாரத்தை நிலவறையில் இரண்டு நாள் விரித்துக் காயவைத்தாள். ஜூன் மாதத்து மட்டாஞ்சேரியில் வீடு முழுக்கக் கொடிகட்டித் துணி காயப்போடுவோமே, அப்படியே இருந்தது. பூஞ்சை பிடித்தால் துணி கிழியும் என்று நமக்குச் சொல்லித் தரவேண்டாம். அவளுக்கு யார் சொன்னது என்று தெரியவில்லை.

இவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அதைப் பற்றி இந்த மலரில் முன்பு ஒருமுறை வருத்தப்பட்டு எழுதியிருந்தேன். இப்போது ஒன்றைச் சேர்க்கிறேன். நான் படித்தது மலையாளப் பள்ளிக்கூடம். தமிழ் எழுத்து பழகியது பதினான்கு வயதில், தென்காசிச் சித்தப்பாவுக்குக் கடிதம் எழுத அப்பா உட்கார வைத்ததால். என் மலையாள நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கும்போது, அந்த எழுத்து தெரியாத அப்பாவின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு இப்போதுதான் தோன்றுகிறது.

4

ஏரிக்கரை முகாமை அடைந்தபோது மணி 11.20. அனுமதிச் சீட்டு எழுதும் பெண் மூன்று முறை எங்கள் பெயரை எழுத்துக்கூட்டினாள். அதன் பிறகு எல்லாம் நந்தினியின் கையில். நான் டைரியோடு நின்றேன்.

பனியை மிதித்துச் சமப்படுத்தி, இறுகட்டும் என்று ஒரு மணி நேரம் விட்டாள். கூடாரம் எழுந்தது. அடுப்புச் சூட்டில் பனி உருகிக் கால் புதையாமல் இருக்க இரண்டு பச்சை மரக்கட்டைகள் மேல் அடுப்பை வைத்தாள். அடுப்புக்கும் துணிக்கும், அடுப்புக்கும் படுக்கைக்கும் ஒரு கை நீளம் இடைவெளி. கையை நீட்டிக் காட்டினாள். வாசலுக்கும் நமக்கும் நடுவில் அடுப்பு இருக்கக் கூடாது. கம்பத்தில் ஒரு கத்தி தொங்கியது.

"அது எதுக்கு?" என்றாள் ராஜி.

"வாசல் பக்கம் தீ வந்தா துணியைக் கிழிச்சிட்டுப் போக."

"என் அம்மே. இதுல படுக்கணுமா?"

"அதான்மா சொல்றேன், படுக்கிறதுக்கு முன்னாடி தீயை அணைய விட்டுடுவோம். தூக்கப் பையே போதும். எரியுற அடுப்பை வச்சுட்டு யாரும் தூங்கக் கூடாது."

துணியின் அடியில் மூன்று இடங்களில் பனியை விலக்கி ஒரு சாண் சந்து விட்டாள். உச்சியில் ஒரு மூடி, கயிறு இழுத்தால் மூடும், விட்டால் திறக்கும். "கீழேருந்து காத்து வரணும், மேல போகணும். இது ரெண்டும் எப்பவும் திறந்திருக்கும்" என்றாள். கடைசியாகத் தன் சட்டைக்குள்ளிருந்து, முகப்பில் எண் காட்டும் ஒரு சிறிய வெள்ளைப் பெட்டியை எடுத்துப் பொத்தானை அழுத்திச் சோதித்து, கம்பத்தில் தலையணை உயரத்தில் மாட்டினாள். குளிரில் அது சரியாக வேலை செய்யாதாம், அதனால் உடம்போடு வைத்திருந்தாளாம். கார்பன் மோனாக்சைடு அலாரம். நான் 'அலாரம்: 1' என்று குறித்துக்கொண்டேன்.

அடுப்பு பற்றியதும் பத்து நிமிடத்தில் கோட்டைக் கழற்றினோம். கப்பை வெந்தது. வெளியே மைனஸ் பதினான்கு, உள்ளே நாங்கள் மீன்குழம்பில் கப்பையைத் தொட்டுச் சாப்பிட்டோம். ராஜி மூன்று முறை போட்டுக்கொண்டாள்.

மாலை 4.35க்கு நந்தினி சறுக்குப் பலகையை இழுத்துக்கொண்டு முகாம் வாசலில் இருக்கும் விறகுக் கொட்டகைக்குக் கிளம்பினாள். போய்வர அரைமணிக்கு மேல் ஆகும். "அடுப்பைத் தொடாதீங்க. வரேன்" என்றாள்.

ராஜி அடுப்பின் கதவுக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தீ அடங்கி, கனல் மட்டும் கிடந்தது.

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை" என்றாள்.

"தெரியும்."

"நம்ம வெந்நீர் அடுப்பு மாதிரியே கிடக்கு, பாருங்க."

அப்புறம் தன் பையைத் திறந்தாள். சேலைத் துண்டில் சுற்றிய தூபக்கால். ஒரு பொட்டலம் சாம்பிராணி.

"நந்தினிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..." என்றேன்.

"கேட்டா வேணாம்னுதான் சொல்லுவா. புகை வந்தாத்தானே பேடி, பயம் எல்லாம்? கனல்ல புகையே இல்லியே. அவ வரும்போது முடிக்குக் காட்டலாம். பதிமூணு வருஷமாச்சு."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. பதினான்கு விதிகளையும் படித்தவன், ஒன்பது மாதம் குறிப்பெடுத்தவன், இடுக்கியை என் கையாலேயே எடுத்தேன். தூபக்கால் நிறையக் கனலை அள்ளிக் குவித்தேன். ராஜிக்கு முதுகில் சந்தின் குளிர் அடித்தது. பூட்ஸ் காலால் பனியைத் தள்ளி அடைத்தேன். மற்ற இரண்டு சந்துகளையும் அடைத்தேன். சாம்பிராணி போட்டால் சாத்துவதுதானே வழக்கம். உச்சிக் கயிற்றையும் இழுத்துவிட்டேன். நேரம் 4.45.

ராஜி ஒரு சிட்டிகை தூவினாள். மணம் எழுந்தது. ஓடும் சுவரும் இல்லாத ஓரிடத்தில் மட்டாஞ்சேரி வீட்டின் வெள்ளிக்கிழமை அப்படியே வந்து உட்கார்ந்தது. கனல் ஆறக்கூடாது என்று நான் இன்னும் நாலு துண்டு எடுத்துப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் ராஜி "தலை கனமா இருக்கு" என்றாள். "மூணு தடவை கப்பை சாப்பிட்டா இருக்கும்" என்றேன். எனக்கும் நெற்றியில் ஒரு வலி இருந்தது. பனி வெளிச்சம் என்று நினைத்தேன்.

5.08க்கு அலாரம் அலறியது.

எழுந்தேன். துண்டை எடுத்தேன். விசிறினேன். சாம்பிராணிப் புகைக்குத்தான் அலறுகிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நிற்கவில்லை. அணைக்கும் பொத்தானைத் தேடினேன். கண்ணாடி எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. சின்ன எழுத்துகள் நழுவின. விரல் பொத்தான் மேல் இருந்தபோது வாசல் கிழிவதுபோலத் திறந்தது.

"வெளிய. ரெண்டு பேரும்."

"சாம்பிராணிதான் மோளே, ஒண்ணுமில்ல..."

"அம்மா, கோட்டு வேணாம். வெளிய வா. அப்பா, அதை விடுங்க."

ராஜியின் கையைப் பிடித்து இழுத்து வெளியே விட்டாள். என்னைத் தோளில் தள்ளினாள். கையுறையோடு உள்ளே குனிந்து தூபக்காலை எடுத்துப் பனியில் வைத்தாள், அது சீறியது. மறுபடி கை நீட்டி உச்சிக் கயிற்றை அவிழ்த்தாள். மூன்று பக்கமும் பனியை உதைத்துத் திறந்தாள். இவ்வளவும் நான் கைக்கடிகாரத்தைப் பார்க்கும் முன் முடிந்துவிட்டது.

5

சறுக்குப் பலகையில் எங்களை உட்காரவைத்து, கோட்டுகளைக் கொண்டுவந்து போர்த்தினாள். மூச்சை நன்றாக இழுத்துவிடச் சொன்னாள்.

"அப்பா, இன்னிக்கு என்ன தேதி?"

"பிப்ரவரி பதினாறு, வெள்ளி. மணி அஞ்சு பன்னெண்டு. நாம இந்த நாட்டுக்கு வந்து..."

"போதும். மூளை சரியா இருக்கு." அவள் தன் கடிகாரத்தைப் பார்த்தாள். "அரைமணியில தலைவலி போகலேன்னா கேட்டுக்கு ஓடி ஆம்புலன்ஸ் கூப்பிடுவேன். என்கிட்ட மறைக்கக் கூடாது, ரெண்டு பேரும்."

இருபது நிமிடத்தில் ராஜியின் தலை தெளிந்தது. எனக்கும் சற்றுப் பின்னால் தெளிந்தது. அதுவரை நந்தினி எங்கள் முன்னால் குத்துக்காலிட்டு மாறிமாறி எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புகையே இல்லியே மோளே" என்றாள் ராஜி, மெதுவாக.

"அதான்மா பிரச்சினை. கனல் அடுப்புக்குள்ள இருந்தா அதோட விஷக்காத்து குழாய்ல போயிடும். வெளிய எடுத்தா நம்ம மூக்குக்குள்ள வரும். மணமும் இல்ல, நிறமும் இல்ல. உங்களுக்கு மணம் வந்தது சாம்பிராணியோடது."

"ஊர்ல சாத்திட்டுத்தானே போடுவோம்? முப்பது வருஷம் போட்டோமே. ஒண்ணும் ஆகலியே."

அதற்குப் பதில் என்னிடம் இருந்தது. ஜன்னலைத்தான் சாத்தினோம், கூரையைச் சாத்தவில்லை. ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவில் வானம் தெரியும். மழை வந்தால் எட்டு இடத்தில் பாத்திரம் வைப்போம், அப்பா வருடாவருடம் ஓடு மாற்ற ஆள் தேடுவார், அம்மா அந்தக் கூரையைத் திட்டாத நாள் கிடையாது. அந்த ஓட்டைக் கூரைதான் முப்பது வருடம் எங்களுக்காக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. எங்கள் பழக்கம் பாதுகாப்பானது என்று நினைத்தோம், பாதுகாத்தது வீடு. பழக்கத்தை மட்டும் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறோம், கூரையை விட்டுவிட்டு.

இதைச் சொன்னேன். நந்தினி கூடாரத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க அலாரத்தை அணைக்கப் பாத்தீங்கப்பா."

"ஆமா."

"என்னைப் பாக்கத்தானே வந்தீங்க? இப்ப நான் உங்களைப் பாத்துக்க வேண்டியிருக்கு."

"ஆமா."

"மார்ச் ட்ரிப் போச்சு. இல்ல? கையெழுத்துப் போட மாட்டீங்க."

நன்றாக யோசித்த பிறகே எதற்கும் பதில் சொல்வது என் வழக்கம். அன்று மாலை அந்த வழக்கம் அவளுக்குக் கொடுமையாக இருந்திருக்கும்.

யோசித்தது இதுதான். பதினான்காவது விதி கேட்பதை நான் பார்த்துவிட்டேன், எந்தப் பெற்றோரும் பார்க்காத அளவுக்கு. கையெழுத்துப் போட எனக்கு இனித் தயக்கமில்லை. ஆனால் 'கவனித்தவை' என்ற இடத்தில் ஒன்றும் எழுதாமல் விட்டால் அது பொய். எழுதினால், கூடாரத்தில் விஷவாயு என்ற சொல்லைப் படித்ததுமே பள்ளி அவள் பெயரை அடித்துவிடலாம்.

அலாரத்தின் எண் பூஜ்யத்துக்கு வந்த பிறகு நந்தினி அதை மறுபடி சோதித்து, அடுப்பைப் புதிதாக மூட்டினாள். பிறகு வெளியே வந்து, பனியில் அணைந்து கிடந்த தூபக்காலைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். ஓரத்தில் ஒரு விரிசல் விட்டிருந்தது.

"வெளியில வேணா போடலாம்மா" என்றாள்.

ராஜி என்னைப் பார்த்தாள். நந்தினியே இடுக்கியால் ஐந்து துண்டுக் கனலைக் கொண்டுவந்து வைத்தாள். திறந்த வானத்தின் கீழ், ஒரு தட்டைக் கல்லின் மேல் தூபக்கால். அதன் அருகே கட்டையில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றி முடியை அவிழ்த்துவிட்டாள். காது சிவந்தது. புகை ஒரு நொடிகூட நிற்காமல் ஏரிப் பக்கம் ஓடியது. ராஜி அதைத் துரத்தித் துரத்தி அவள் முடிக்குள் கையால் தள்ளினாள்.

"சீக்கிரம்மா. காது விழுந்துடும்."

"விழுந்தா எடுத்துத் தரேன். அசையாம இரு."

இரண்டு நிமிடம் இருக்கும். இருவரும் சிரித்தார்கள். டைரியில் அதற்கு நேரம் குறிக்க மறந்துவிட்டேன்.

இரவு 8.30க்கு விறகு போடுவதை நிறுத்தினாள். தீ அணைந்து, அடுப்பு தொடும் சூட்டுக்கு வந்த பிறகுதான் படுத்தாள்.

6

பிப்ரவரி 17, சனிக்கிழமை. 5.10க்கு விழிப்பு வந்தது. அடுப்பு சில்லென்றிருந்தது. சாயா வேண்டும்போல் இருந்தது. விறகு, தீப்பெட்டி எல்லாம் கையெட்டும் தூரத்தில். நான் தொடவில்லை. அடுப்பு அவள் பொறுப்பு.

முதலில் செய்தது, பேனாவை அக்குளில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தது. மை உறைந்திருந்தது, படிவத்துக்கு மையால்தான் எழுத வேண்டும். கால் மணி நேரத்தில் இளகியது. டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, டைரியை அடியில் வைத்து, அந்த இரண்டு வரிகளில் எழுதினேன்: 'பெற்றோர் செய்த தவறால் மாலை 5.08க்கு அலாரம் அடித்தது. நான் அதை அணைக்க முயன்றேன். அவள் எங்கள் இருவரையும் ஒரு நிமிடத்துக்குள் வெளியேற்றினாள். அவள் மூட்டும் அடுப்பின் அருகில் நான் உறங்குவேன், உறங்கினேன்.' இடம் போதாமல் கடைசி வாக்கியம் ஓரத்தில் ஏறிப் போயிற்று. அதன் கீழே கையெழுத்துப் போட்டேன்.